மனச்சோர்வு மருந்தும் மதுவும்

மனச்சோர்வு என்பது மன உறுதியின் குறைவன்று. மருந்தால் தணியக்கூடிய ஒரு நோய். சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன் 1957-இல் இமிப்ரமின் என்னும் மருந்தின் பயனை வெளியிட்டது முதல் இத்துறை பெரிதும் வளர்ந்துள்ளது. இன்று அமிட்ரிப்டிலின், ஃபுளுவாக்ஸிடின் முதலியன நம் நாட்டில் பரவலாக வழங்கப்படுகின்றன.

இவற்றை உண்போருக்குக் களப்பணியாளர் பலர் கூறும் அறிவுரை ஒன்றுண்டு: “குடித்தால் மாத்திரை சாப்பிடக் கூடாது.” நல்லெண்ணத்தில் பிறந்ததாயினும் இச்சொல் தீங்கு பயப்பது. திருவிழா வந்ததும் நோயாளி விடுவது குடியையன்று, மாத்திரையையே!

இம்மருந்து பயன் தரச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் தோன்றும் குமட்டல், தலைவலி போன்றவை பெரும்பாலும் விரைவில் குறையும். ஆனால் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் உறக்கமின்மையும் தோன்றலாம், நோயும் திரும்பலாம்.

மது தீங்கற்றது என்று நாம் கூறவில்லை. அமிட்ரிப்டிலினுடன் மது சேர்ந்தால் தூக்கமும் தள்ளாட்டமும் பெருகும். அந்நிலையில் வண்டி ஓட்டுவதும் கிணற்றருகே செல்வதும் ஆபத்து. ஃபுளுவாக்ஸிடின் இரைப்பையில் இரத்தக் கசிவு நேரும் வாய்ப்பைச் சற்று உயர்த்தும். மது அதனை மிகுவிக்கும். மேலும், மதுவே மனச்சோர்வை வளர்ப்பது. ஆகவே குடியாமையே நன்று. ஆயினும் நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் காணலாம். அவர் மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும்.

அங்ஙனமாயின் நாம் செய்ய வேண்டுவது யாது? பழிக்காமல் கேட்க வேண்டும். எவ்வளவு குடிக்கிறார், எத்தனை நாளாக என்பதை மருத்துவரிடம் அவரே கூறுமாறு செய்ய வேண்டும். அதற்கேற்ற மருந்தை மருத்துவர் தேர்வார். “நேற்றுக் குடித்துவிட்டேன்” என்பவரிடம், மருந்தைக் கைவிட வேண்டா என்றும், விட்ட வேளைக்கு ஈடாக இருமடங்கு உண்ண வேண்டா என்றும், அடுத்து என்ன செய்வதென்பதை மருத்துவரிடம் கேட்குமாறும் கூறுக.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். இருபத்தைந்து அகவைக்குட்பட்டோருள் சிலருக்கு, மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகலாம். அமைதியின்மையோ விபரீதப் பேச்சோ கண்டால் உடனே மருத்துவரை நாடுக. 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

அஞ்சும் நோயாளி உண்மையை மறைப்பார். அவ்வச்சத்தைப் போக்குவதே நம் முதற்கடமை.