எமிலி இன்னஸ் பார்க்காத பால்மரம்

ரப்பர் தோட்டத்துப் பெண்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. ஆகவே மலாயாவின் பேராக்கில் பெண் வாழ்வுக்கு ஆங்கிலேய அதிகாரியின் மனைவி எமிலி இன்னஸ்தான் சாட்சி என்கிறார் ஒரு கட்டுரையாளர். ஆண்டைக் கவனித்தாரா? இன்னஸின் நூல் வெளிவந்தது 1885இல். லங்காட்டிலும் டுரியான் செபாத்தாங்கிலும் அவர் கண்டது சதுப்பும் கொசுவும் தனிமையும். பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் பெருகியதோ 1900க்குப் பிறகு. பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட் 1883இல் தம் நூலில் மலாயாவுக்குப் பூசிய பொன்முலாமை இன்னஸ் சுரண்டிக் காட்டினார். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் அன்று இல்லாத ரப்பர் தோட்டத்து லயக் குடியிருப்புக்கு அவர் எப்படிச் சாட்சி சொல்வார்?

விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பால்மரம் சீவப் போனவளுக்கு ஏடெடுக்க நேரமேது? எழுதவில்லை என்றால் சொல்லவில்லை என்றாகுமா? அவள் ஒப்பாரியில் சொன்னாள், பேத்தியிடம் சொன்னாள். ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் மரம் சீவிய பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். ஆவணமில்லை என்று கைவிரிக்குமுன் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.