'ஜகாட்' ஆசிரியர்களுக்கான பாடமே!



ஆசிரியர் அறையில் ஒரு நாள் 'ஜகாட்' திரைப்படத்தைப் பற்றிக் குறிப்பிட்டேன். உடனே நண்பர் ஒருவர், "அது குண்டர் கும்பல் படமாயிற்றே சார்! பிள்ளைகள் கெட்டுப் போவார்கள்" என்றார். "நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். பார்க்கவில்லையாம்!

பாராமலே தீர்ப்பு எழுதுவோருக்காகவே இப்பதிவு.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த படம் இது. பெரிய நிறுவனத்தின் பணமோ சென்னை நட்சத்திரங்களின் ஒளியோ இதற்கு இல்லை. 'ஜகாட்' என்றால் கெட்டவன். மலாய்ச் சொல் நம் நாவில் அடைந்த வடிவம் அது. தோட்டத்தை விட்டுப் புறம்போக்கு நிலத்தில் குடியேறிய 1990களின் குடும்பம் ஒன்று. அதில் அப்போய் என்னும் 12 வயதுச் சிறுவன். கற்பனை மிகுந்தவன். படிப்பு ஒன்றே கரையேற்றும் என நம்பும் தந்தை அவனை அடித்து வளர்க்கிறார். அவனோ குண்டர் கும்பலில் இருக்கும் சிற்றப்பனின் உலகை நோக்கி நகர்கிறான்.

இப்படம் குண்டர்களைப் போற்றுகிறதா? இல்லை! ஒரு பிள்ளை எந்தக் கதவுகள் அடைபட்டதால் அங்கே போனான் என்று வினவுகிறது. அக்கதவுகளுள் ஒன்று நம் வகுப்பறைக் கதவு என்பதே நமக்குக் கசக்கிறது.

2016இல் மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் அல்லாத படங்களைத் தனியே பிரிக்க முற்பட்டபோது கலைஞர்கள் எதிர்த்தனர். பிரிவுகள் மாற்றப்பட்டன, சிறந்த மலேசியத் திரைப்பட விருது 'ஜகாட்' படத்திற்கே கிட்டியது. பத்தாண்டுகளுக்கு முன்பே தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' நம் தோட்ட வாழ்வை உலக விழாக்களுக்குக் கொண்டு சென்றது. அயலார் அறிந்த படைப்புகளை நம்முள் எத்தனை பேர் பார்த்தோம்? சென்னை நாயகனின் பதாகைக்குப் பாலூற்றிவிட்டு, நம் கலைக்கு மதிப்பில்லை என்று அரசை மட்டும் குறைகூறுவது முறையா?

எங்கள் பாகான் டத்தோவிலும் தென்னை, செம்பனைத் தோட்டங்களை விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் பல. பல ஆண்டுகளுக்கு முன், கணக்குப் போடாமல் படம் வரைந்துகொண்டிருந்த மாணவன் ஒருவனின் ஏட்டை நான் கிழித்தெறிந்தேன். இன்று அவன் எங்கிருக்கிறான் என்று அறியேன். படத்தில் அப்போயைக் கண்டபோது அவன் முகமே தெரிந்தது.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. பிள்ளைகளை மதிப்பெண்ணால் மட்டும் அளக்கும் நம் மனம் எப்போது மாறும்?

மாணவருக்குக் காட்ட வேண்டாம். ஆசிரியர்களே, முதலில் நாம் பார்ப்போம்!