பழைய அம்பாசடருக்கு விலை என்ன?

காயலான் கடையில் போடுவதா? லட்சக்கணக்கில் கேட்பதா?

அம்பாசடர் காரின் பெயர் 80 கோடி ரூபாய்க்கு விலை போயிற்று!

கார் அல்ல, வெறும் பெயர்தான். 2017-ம் ஆண்டில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி அந்தப் பெயரைப் பிரான்சு நாட்டு பெஜோ கம்பெனிக்கு விற்றது.

பெயருக்கே 80 கோடி என்றால், வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு எவ்வளவு?

பள்ளிப்பட்டிலும் திருத்தணியிலும் கும்மிடிப்பூண்டியிலும் அப்பா காலத்துக் காரை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல. குறைத்துச் சொன்னால் சொத்து போகும். அதிகமாக நினைத்து ரிப்பேருக்குக் கொட்டினால் கைப்பணம் போகும்.

திருவள்ளூரின் உறவு

அம்பாசடர், இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வார்ப்பு. மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தரபாராவில் தயாரானது. 2014-ம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நின்றது.

அதே கம்பெனி திருவள்ளூரிலும் ஒரு தொழிற்சாலை கட்டியது. 1998-ல் அங்கிருந்து ஜப்பானிய மிட்சுபிஷி லான்சர் கார் வெளிவந்தது. பின்னர் அந்த இடத்தில் பிரெஞ்சு சிட்ரோன் கார்கள் உருவாகத் தொடங்கின.

தொழிற்சாலைக்குப் புது வாழ்வு வந்தது. அம்பாசடருக்கு வரவில்லை. இனி புதிது கிடைக்காது. இருப்பவைதான் மிச்சம். விலை ஏறுவதற்கு இது ஒரு காரணம். ஆனால், இது ஒன்றே போதாது.

எந்த மாடல்?

எல்லா அம்பாசடரும் ஒன்றல்ல. 1962-க்கு முந்திய முதல் மாடல் அபூர்வம். அடுத்து வந்தது மார்க் 2. பிறகு மார்க் 3, மார்க் 4. 1990-க்குப் பிறகு நோவா. அதன்பின் ஜப்பானிய இசுசு எஞ்சின் பொருத்திய 1800 சி.சி. கார்.

சேகரிப்பவர்கள் பழைய மாடலைத் தேடுவார்கள். ஓட்ட விரும்புகிறவர்கள் இசுசு எஞ்சினைத் தேடுவார்கள். ஆகவே, வாங்க வருகிறவர் யார் என்பதைப் பொறுத்தும் விலை மாறும்.

உலகச் சந்தையில் பொதுவாக இரண்டு கதவுள்ள திறந்த கார்களுக்கே மவுசு அதிகம். நான்கு கதவுள்ள குடும்பக் கார்கள் பின்தங்கியே நிற்கும். வெளிநாட்டுக் கார்களின் ஏல விலையைப் பத்திரிகையில் படித்துவிட்டு அம்பாசடருக்குக் கணக்குப் போடக் கூடாது.

பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்!

லாரிக்கு இருப்பதுபோல் அம்பாசடருக்குத் தனிச் சேஸ் கிடையாது. உடம்பே எலும்பு. அடித் தகரத்தில் துரு பிடித்தால் காரின் உயிர்நாடியிலேயே நோய் என்று பொருள்.

பளபளக்கும் பெயிண்டுக்குக் கீழே பட்டி பூசித் துருவை மறைத்திருக்கலாம். ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். தகரத்தில் ஒட்டும், கனமான பட்டியில் ஒட்டாது. நாலணாச் சோதனை, நாற்பதாயிரத்தைக் காப்பாற்றும்!

எஞ்சினை மாற்றலாம். சீட்டைத் தைக்கலாம். ஆனால், பழைய கிரில், விளக்கு வளையம், மீட்டர் முதலியவை தொலைந்தால் தேடிப் பிடிப்பது கடினம். அவை அப்படியே இருந்தால் மதிப்பு கூடும்.

கணக்குப் போடும் விதம்

கேட்கும் விலை வேறு. கைமாறிய விலை வேறு. நான்கு லட்சம் என்று விளம்பரம் செய்த கார் ஒரு வருஷமாக விற்காமல் நின்றால், அதன் விலை நான்கு லட்சம் அல்ல.

ஒரு பேச்சுக்குக் கணக்கைப் பாருங்கள். அதே மாடலில் நன்றாக ஓடும் கார் உண்மையில் 4,00,000 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காருக்கு டிங்கரிங், பெயிண்ட் 1,20,000. எஞ்சின் வேலை 60,000. டயர், சீட் 40,000. பதிவுச் செலவு 20,000. மொத்தம் 2,40,000 ரூபாய்.

கழித்தால் மிச்சம் 1,60,000. வாங்குகிறவரின் அலைச்சலுக்கும் கொஞ்சம் கழியுங்கள். எஞ்சியதுதான் இன்றைய நிலையில் காரின் மதிப்பு.

ரிப்பேர்ச் செலவு 4,00,000-ஐத் தாண்டினால்? அப்போது பாசத்துக்காகச் செய்யலாம். லாபத்துக்காகச் செய்யக் கூடாது.

சர்க்கார் விதிகள்

15 வருஷம் கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 வருஷம் கடந்த கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக உயர்ந்தது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு.

50 வருஷத்துக்கு மேற்பட்டு, பழைய உருவம் மாறாத கார்களுக்கு 2021-ல் தனி விதி வந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். அது கவுரவம்தான். ஆனால், அந்தக் காரைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே ரோட்டுக்கு வரலாம்.

வரி எப்படி? ஒரு குடும்பத்தினர் தங்கள் சொந்தக் காரை இன்னொரு தனி மனிதருக்கு விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரி விற்றால் அவருடைய லாபத்தின் மேல் 18 சதவீதம் வரி. அவர் கேட்கும் விலையில் அதுவும் அடங்கியிருக்கும்.

ஆர்.சி. புத்தகம் யார் பெயரில்?

கார் காலமான தந்தையின் பெயரிலேயே இருந்தால் விலை விழும். உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் பாரம் 31 கொடுத்து வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும்.

பள்ளிப்பட்டு எல்லை ஊர். ஆந்திராவிலிருந்தும் ஆள் வரலாம். அப்படி விற்றால் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று வேண்டும். வாங்குகிறவர் தம் மாநிலத்திலும் வரி கட்ட நேரும். அந்தச் செலவை அவர் விலையில் குறைத்தே கேட்பார்.

பணத்தை வாங்கிக்கொண்டு, பெயரை மாற்றாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். விபத்து நடந்தால் நோட்டீஸ் பழைய உரிமையாளரின் வீட்டைத் தேடி வரும்!

எனவே, காயலான் கடைக்காரர் எடைக்கு விலை பேசும்போது உடனே தலையாட்ட வேண்டாம். முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். நம்பகமான மெக்கானிக்கிடம் அடித் தகரத்தைக் காட்டுங்கள். கைமாறிய விலைகளை நாலு இடத்தில் விசாரியுங்கள். அதன் பிறகு சொல்லும் விலையே நியாயமான விலை.