பிள்ளையும் ஓர் ஆள்தான்



சென்ற வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து நிற்கையில் ஒரு தம்பி கேட்டார்: "டொக்டர், கீலிலிருந்து நோர்வேக்குக் கப்பலில் போக இருவருக்கு விலை பார்த்தேன். எங்களுக்கு நடுவில் படுக்கிற கைக்குழந்தையைச் சேர்த்ததும் விலை ஏறிவிட்டது. அநியாயம் இல்லையா?"

குழந்தைக்கென்று கேட்கும் தொகை பெரும்பாலும் சொற்பம். அறைதான் மாறிவிடுகிறது. கப்பல் அறைகளுக்கு இருவர் தங்குவதாகவே விலை போடுகிறார்கள். மலிந்த அறைகள் பலவற்றில் இரண்டு கட்டில்தான். மூன்றாம் ஆள் என்றதும் பெரிய அறையின் விலை வந்து நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. 1912 இல் டைட்டானிக்கில் ஏறத்தாழ 2,200 பேர். உயிர்காப்புப் படகுகளில் இடமோ 1,178 பேருக்கே. அதன் பயனாக 1914 இல் லண்டனில் சர்வதேச உடன்படிக்கை பிறந்தது. இன்று கப்பலிலுள்ள ஒவ்வொருவருக்கும் இடம் வேண்டும்; மடியில் இருக்கும் குழந்தையும் அந்தக் கணக்கில் ஓர் ஆள். கணக்கு நிரம்பினால், கட்டில் வெறுமையாய்க் கிடந்தாலும் மூன்றாமவரை ஏற்கமாட்டார்கள்.

ஆகவே, இருவராகப் பதிந்துவிட்டுப் பிள்ளையைப் பின்னர் சேர்க்கலாமென்று இருந்துவிடாதீர்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தையைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதுமில்லை. தம்பியின் மகளுக்கு இப்போது ஐந்து மாதம். பயணம் ஆவணியில் என்பதால் தப்பினார்.