விளக்குமாறு கைவினை இல்லையா?

வார நாள்களில் நான் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கும் என்ஜினியர். வாரக்கடைசியில் புக்கிட் ரோத்தானில் அப்பாவின் பூசைப் பொருள் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். தீபாவளிக்கு விற்க ஏதாவது கிடைக்குமா என்று தேடி, கோலாலம்பூர் ஜாலான் கோன்லேயில் உள்ள கிராஃப் வளாகத்துச் சந்தைக்குக் கடைக்காரனாகப் போனேன்.

அங்கே ஒரு மாக்சிக் செம்பனை ஈர்க்கில் பின்னிய தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். ஒன்று 15 வெள்ளி. நான்கைந்து பேர் சுற்றி நின்று வாங்கினார்கள். ஒரு தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதே ஈர்க்கு. தோட்டத்துப் பாட்டி ஒருவர் சீவிக் கட்டி எங்கள் கடைக்குக் கொண்டுவரும் விளக்குமாற்றில் இருக்கிற அதே ஈர்க்கு. அதை 3 வெள்ளிக்கு வாங்குகிறேன். "ரெண்டரைக்குத் தாங்க பாட்டி"ன்னு பேரம் வேற. கடையில் அதற்கு இடம் பின்கதவோரம். முன்வரிசையில் தொங்குவது சீனாவிலிருந்து வந்த பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம்.

இந்த மாதிரிச் சந்தைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மாட்களுக்கு ஒரே பல்லவிதான்: "நமக்கு எங்கடா இடம் தர்றாங்க?" அதில் உண்மை இல்லாமல் இல்லை. பாத்திக், சொங்கேட் என்று பழகிய கண்ணுக்குத் தோட்டத்து வேலை சட்டென்று தெரியாது. ஆனால் இடம் கேட்கிற நாம் மேசையில் எதை வைக்கப்போகிறோம்? 1979ஆம் ஆண்டின் கைவினை மேம்பாட்டுக் கழகச் சட்டம் கைவினையை இனம் பார்த்து வரையறுக்கவில்லை. பண்பாட்டு ஈர்ப்பும் கைத்திறனும்தான் அதன் அளவுகோல். பக்கத்து ரவாங்கிலேயே தேசியக் கைவினைக் கழகம் இருக்கிறது. பள்ளியில் எனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை. கணக்கு வந்தா என்ஜினியர், வரலன்னா லோரி.

1885இல் சீனாவிலிருந்து வந்த யோங் கூன், கோலாலம்பூரில் வெள்ளீயக் கலவையில் ஊதுவத்தித் தாங்கியும் பூசைச் சாமான்களும் செய்து விற்றார். அதுதான் இன்றைய ராயல் சிலாங்கூர். சாமி மேடைக்குச் செய்த சரக்கு மாநிலத்தின் பெயரையே சுமக்கிறது. நம்மிடமும் காவடி கட்டுகிற கை, மாலை தொடுக்கிற கை, குருத்தோலையில் தோரணம் பின்னுகிற கை, வயர் கூடை போடுகிற கை எல்லாம் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் கூசுகிறோம். விளக்குமாறு என்பது நம் வாயில் வசைச்சொல். அந்தக் கூச்சத்தில் சாதி இருக்கிறது. லயத்து வாசம் நம்மேல் வீசிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917இல், நம் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், தென்னமரம் தோட்டத்தில். பெயரே தமிழ். நட்ட முதலாளி ஆன்றி ஃபோக்கோனியே பின்னர் மலாயா பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். நூறு வருசம் தாண்டிவிட்டது. அந்த மரத்து ஈர்க்கில் நம் பெண்கள் என்ன கட்டினார்கள் என்று நம் கதைகளில் எத்தனை பக்கம்? பால்வெட்டு வரும், கண்ணீரோடு வரும். விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டை சீவி, உள்ளடுக்கில் காயம் படாமல் வெட்டுகிற கையின் கணக்கு வராது. அந்தத் துல்லியத்துக்கு எங்கள் தொழிற்சாலையில் இயந்திரம் வேண்டும்.

"பசிக்குக் கட்டினதக் கலைன்னு கொண்டாடாதடா" என்றான் ஒரு நண்பன். சரிதான். பாட்டி ஆசைக்குக் கட்டவில்லை. அதனால்தான் விலையைப் பற்றிப் பேசுகிறேன். தட்டுக்குப் பின்னல் வேலை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐந்து மடங்கா? மிச்சம் 'கிராஃப்' என்ற சொல்லுக்குக் கிடைக்கிற காசு. அந்தச் சொல்லைப் பாட்டிக்குத் தராமல் வைத்திருப்பது அரசாங்கம் மட்டுமா? நானும்தான்.

திரும்பி வந்ததும் விளக்குமாற்றை முன்வரிசையில் வைத்தேன். "லட்சுமி இருக்கிற கடைடா"ன்னு அப்பா எடுத்துப் பின்னால் போட்டார். விளக்குமாற்றை மிதிக்காதே, அது லட்சுமி என்று சின்ன வயதில் திட்டியதும் இதே அப்பாதான். சண்டை இன்னும் முடியவில்லை. பாட்டிக்கு இப்போது 6 வெள்ளி. அடுத்த வருசம் மேசைக்கு மனுப் போடப்போகிறேன். கூட இரண்டு கடைக்காரர் வந்தால் நல்லது. வராவிட்டால் போகட்டும், 'இடம் தரல'ன்னு மட்டும் சொல்லாதீங்க.