முதலில் குழந்தை, பிறகு டெலிபோன்

போன மார்கழியில் ஒரு நாள் பிற்பகல் நடந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். என் மனைவிக்கு மூட்டு வலி. எனக்கோ ஓடுகிற குழந்தையின் பின்னால் ஓடும் வயது போய்விட்டது. அதனால் இரண்டு வயதுப் பேத்தியைப் பக்கத்துத் தெருக் காப்பகத்தில் விடுகிறோம். இங்கே நாகபுரியில் அதைப் பாள்ணாகர் என்பார்கள். தொட்டில் வீடு என்று அர்த்தம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை எல்லோரும் மாவ்ஷி என்றுதான் கூப்பிடுவார்கள். நம் பாஷையில் சித்தி.

அன்று மூன்று மணி சுமாருக்குக் குழந்தையின் உடம்பு அனலாகக் கொதித்திருக்கிறது. கண் மேலே செருகி, கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்திருக்கின்றன. மாவ்ஷி பதறிப்போய் நிர்வாகி அம்மாளைக் கூப்பிட, அந்த அம்மாள் என் மருமகளுக்குப் போன் செய்தார். மருமகள் மீட்டிங்கில் இருந்தாள். மகனின் போன் கிடைக்கவில்லை. என் போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் குழந்தை டாக்டரிடம் போய்ச் சேர்ந்தபோது 40 நிமிஷம் ஆகியிருந்தது. காப்பகத்திலிருந்து ஆஸ்பத்திரி ஆட்டோவில் ஐந்து நிமிஷ தூரம்.

தெய்வாதீனமாக அது சாதாரணக் காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் நூற்றில் 2 முதல் 5 குழந்தைகளுக்கு வரக்கூடியதுதான், பெரும்பாலும் ஐந்து நிமிஷத்துக்குள் தானாக நின்றுவிடும் என்று டாக்டர் விளக்கினார். பேத்தி மறுநாளே விளையாட ஆரம்பித்துவிட்டாள். ஆனால் டாக்டர் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார்: "இதுவே தொண்டையில் வேர்க்கடலை சிக்கியிருந்தால் 40 நிமிஷம் இல்லை, நாலு நிமிஷம்தான் சார்."

அன்று மாலை காப்பகத்துக்குச் சண்டை போடத்தான் போனேன். நிர்வாகி அம்மாள் பதில் பேசாமல், குழந்தையைச் சேர்த்தபோது நாங்கள் பூர்த்தி செய்த படிவத்தை எடுத்து நீட்டினார். அதன் அடியில் ஒரு வரி: "எங்களைக் கேட்காமல் குழந்தையை எங்கும் கொண்டு செல்லக் கூடாது." கையெழுத்து என்னுடையது. நான்தான் வற்புறுத்தி எழுதிக் கொடுத்திருந்தேன். ஊரில் நடப்பதைப் பேப்பரில் படித்த பயம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று காலையே குழந்தைக்கு உடம்பு சுட்டது. பாராசிட்டமால் கொடுத்து, சூடு தணிந்ததும் அனுப்பி வைத்தோம். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. இதை எத்தனை வீடுகளில் செய்கிறோம் என்று அவரவர் நெஞ்சுக்குத் தெரியும்.

ஆக, என் அபிப்பிராயம் இதுதான். காப்பகத்தில் ஆபத்து வந்தால் பெற்றோரைக் கேட்ட பிறகே எதையும் செய்வது என்ற வழக்கம் மாற வேண்டும். முதலில் குழந்தைக்குச் செய்ய வேண்டியது, அடுத்து 108 அல்லது பக்கத்து ஆஸ்பத்திரி, அதன் பிறகு பெற்றோருக்குப் போன். இந்த அதிகாரத்தைப் பெற்றோரே எழுத்தில் கொடுக்க வேண்டும்; நிர்வாகிக்கு மட்டுமல்ல, குழந்தையின் பக்கத்தில் இருக்கிற மாவ்ஷிக்கு.

ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் பல வருஷம் இருந்தவன் நான். தினமும் பாதையில் நடந்து சோதிக்கும் கீமேன், தண்டவாளம் உடைந்திருப்பதைக் கண்டால் என்ன செய்வார்? இன்ஸ்பெக்டரைத் தேடிக்கொண்டு ஓட மாட்டார். சிவப்புக் கொடியைக் காட்டிக்கொண்டு போய், அகலப் பாதையானால் 600 மீட்டரில் ஒன்றும் 1200 மீட்டரில் மூன்றுமாக டெட்டனேட்டர்களைத் தண்டவாளத்தில் பொருத்துவார். வண்டி நிற்க வழி செய்த பிறகுதான் தகவல் சொல்வது. பள்ளிக்கூடம் பார்க்காத கேங்மேன்கள்கூட இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். காரணம் படிப்பு அல்ல. திரும்பத் திரும்பச் செய்த பழக்கம், செய்யலாம் என்ற அதிகாரம்.

"சட்டச் சிக்கல் வந்தால் என்ன செய்வது?" என்று காப்பகம் நடத்துபவர்கள் கேட்கிறார்கள். 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவிலேயே இதற்கு உதாரணம் இருந்தது. விபத்தில் அடிபட்ட குழந்தை; உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்காது; காப்பாளரைக் கேட்க நேரமில்லை. குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் ஆபரேஷன் செய்த டாக்டர் குற்றவாளி அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 30-ஆம் பிரிவாக இது இருக்கிறது. அவசரச் சிகிச்சைக்கு வந்தவரை நடைமுறைகளைக் காட்டிக் காக்க வைக்கக் கூடாது என்று பரமானந்த் கடாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1989-லேயே சொல்லிவிட்டது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும் மாவ்ஷி எதற்குப் பயப்பட வேண்டும்?

50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2018-ல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் காப்பகங்களுக்குக் குறைந்தபட்ச நெறிமுறைகளையும் வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் நம்மில் பலர் குழந்தையை விடுவது யாரோ ஓர் அம்மாள் தம் வீட்டு முன்கூடத்தில் நடத்தும் இடத்தில். இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார் என்று அங்கே காத்திருக்க முடியாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

மாவ்ஷி டாக்டராக வேண்டாம். மூன்று விஷயம் கைவந்தால் போதும். தொண்டையில் ஏதாவது அடைத்து, குழந்தையால் இருமவோ அழவோ முடியாவிட்டால், ஒரு வயதுக்குட்பட்டதை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, முதுகில் ஐந்து தட்டு. பிறகு திருப்பி மார்பின் நடுவில் ஐந்து அழுத்து. அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு முதுகில் ஐந்து தட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேலாக ஐந்து அழுத்து. அடைப்பு நீங்கும் வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நன்றாக இருமுகிற குழந்தையை இருமவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவக் கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் தாண்டினால் காத்திருக்கவே கூடாது. கையில் சாவிக்கொத்தும் வேண்டாம், வாயில் ஸ்பூனும் வேண்டாம். சூடு பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம். டூத் பேஸ்ட்டும் இங்க்கும் கூடாது. இவற்றைப் படித்தால் மட்டும் போதாது, பொம்மையை வைத்துப் பழக வேண்டும்.

"ஏழாயிரமோ எட்டாயிரமோ வாங்கும் ஆயாவிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கச் சொல்வோம். அதற்காகக் கட்டணம் கூடினால் முகம் சுளிக்காமல் இருப்போம். ஆனால் குழந்தைக்கு மூச்சு முட்டும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் அவர் ஒருவர்தானே?

நம்மைப் போல் வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. நம் குழந்தைகளுக்கு வாயில் வருவது தமிழ். "வலிக்குது", "மூச்சு முட்டுது", "வாந்தி வருது" என்று குழந்தை சொன்னால் மாவ்ஷிக்கு என்ன புரியும்? என் பேத்தி அன்று காலையெல்லாம் "குளிருது, குளிருது" என்றாளாம். ஏதோ பாட்டு என்று நினைத்துக் கூடவே கை தட்டினாராம் மாவ்ஷி. அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

இப்போது எங்கள் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு தாள் கொடுத்திருக்கிறோம். ஆபத்தில் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முழுச் சம்மதம்; கட்டாயம் எடுக்கக்கூடிய மூன்று போன் நம்பர்கள்; குழந்தையின் எடை, ஒத்துக்கொள்ளாத மருந்து; பத்துத் தமிழ்ச் சொற்கள் தேவநாகரி எழுத்தில், அர்த்தத்துடன். தினமும் காலையில் கொடுத்த மருந்தையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி அனுப்புகிறோம். காய்ச்சல் இருந்தால் குழந்தை வீட்டில்தான். யாராவது ஒருவர் லீவு போடுவது, இல்லாவிட்டால் கிழவன் நான் இருக்கிறேன்.

நம் சங்கத்தில் டாக்டர்களும் நர்சுகளும் அங்கத்தினர்களாக இருக்கிறார்கள். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மண்டபம் கொடுக்கும் சங்கம், மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை இரண்டு மணி நேரத்தை இதற்கும் ஒதுக்கட்டும். சுற்று வட்டாரத்து மாவ்ஷிகளை, எந்த மொழி பேசுபவரானாலும், கூப்பிட்டுக் கற்றுக் கொடுப்போம். நம் குழந்தைகளைப் பகலெல்லாம் தூக்கி வளர்ப்பவர்கள் அவர்கள். ஒரு கப் காப்பியும் இட்லியும் கொடுக்கும் செலவை முதல் தடவைக்கு நான் ஏற்றுக்கொள்கிறேன். தேதியைச் செயலாளர் சொல்லட்டும்.