கைத்திறனும் கணக்கும்

ஒரு தொழில் நிலைபெறுவதற்குக் கைத்திறன் வேண்டும், கணக்கும் வேண்டும். இவ்விரண்டும் ஓரில்லத்தில் ஒற்றுமையாக வாழ்வது அரிது. இத்தாலி தேசத்து லான்சியா நிறுவனத்தார் செய்த 'அவுரேலியா ஸ்பைடர்' என்னும் திறந்த மோட்டார்க் காரின் வரலாறு இதனை நன்கு விளக்குகின்றது.

தூரின் நகரில் வின்சென்சோ லான்சியா என்பார் 1906 ஆம் ஆண்டில் இந்நிறுவனத்தைத் தொடக்கினார். 1937 இல் அவர் காலமாக, பின்னர் மைந்தர் ஜியானி அதன் தலைமையை ஏற்றார். அவர் காலத்தில், 1950 இல், அவுரேலியா வெளிவந்தது. உரோமாபுரியிலிருந்து மேற்குக் கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் பண்டைப் பெருவீதியின் பெயர் அது. விற்றோரியோ யானோ என்னும் பேர்பெற்ற பொறியியலாளரின் மேற்பார்வையில் பிரான்செஸ்கோ டி விர்ஜிலியோ அதன் எஞ்சினை வகுத்தார். ஆறு சிலிண்டர்கள் மும்மூன்றாக, ஆங்கில 'வி' எழுத்தைப் போல் இருபுறமும் சாய்ந்து நின்றன. அவ்வகை எஞ்சினுடன் தொகையாகச் செய்து விற்கப்பட்ட முதற் கார் அதுவே. கியர்ப்பெட்டியையும் முன்னே வைக்காது, பாரம் சமனாகப் பகிரப்படும் வண்ணம் பின்சில்லுகளின் பக்கம் அமைத்தனர். இவையெல்லாம் செலவு மிக்க வேலைகள்.

1955 இன் தொடக்கத்தில் பிறசெல்ஸ் கண்காட்சியில் ஸ்பைடர் தோன்றியது. அதன் மேனியை வடித்தவர் பினின் பாரினா. முன்கண்ணாடி வளைந்து இருமருங்கையும் தழுவி நின்றது. அழகுக்குக் குறைவில்லை. ஆனால், கதவின் வெளிப்புறத்தில் கைபிடி இல்லை. ஏற்றி இறக்கும் யன்னற் கண்ணாடியும் இல்லை. மழை பெய்தால் துணிக்கூரையும் பக்கத் திரைகளுமே தஞ்சம்! அமெரிக்கச் சந்தையைப் பெரிதும் எண்ணிச் செய்த இவ்வண்டி 240 உடன் நின்றுவிட்டது. அடுத்து வந்த திருத்திய வடிவத்தில் கைபிடியும் கண்ணாடியும் இடம்பெற்றன. அது 521 வரை செய்யப்பட்டது.

இதற்கிடையில் நிறுவனத்தின் கருவூலம் வற்றியது. ஓட்டப் பந்தயங்களும் பெரும்பணத்தை விழுங்கின. 1955 மே மாதத்தில் அதன் முதன்மை ஓட்டுநர் அல்பேர்ட்டோ அஸ்காரி மொன்சாவில் விபத்தில் உயிர்நீத்தார். அவ்வாண்டிலேயே பந்தயக் கார்கள் பெராரி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. லான்சியா குடும்பத்தாரின் கையிலிருந்து நிறுவனமும் நழுவிற்று. மறு ஆண்டு அக்கார்களின் வழிவந்தவற்றை ஓட்டியே பாங்கியோ உலகப் பட்டத்தை வென்றார். வெற்றி மாலை விழுந்தது பெராரியின் கழுத்தில்!

திருத்திய வடிவத்துக்கு வேறொரு புகழும் வாய்த்தது. டீனோ றீசி இயக்கிய 'இல் சொர்பாசோ' என்னும் 1962 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், அவுரேலியா வீதியிலே எவரையும் முந்திச் செல்லத் துடிக்கும் ஒருவனின் வாகனமாக அது வருகின்றது. அந்த முந்தும் வெறி ஈற்றில் ஓர் இளைஞனின் உயிரைக் குடிக்கின்றது.

இன்று ஏலங்களிலே ஸ்பைடர் பத்து இலட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டியும் விலைபோயிருக்கின்றது. வசதிமிக்க பின்னதைக் காட்டிலும் வசதியற்ற முன்னதற்கே மதிப்பு அதிகம். அந்த விலையில் அதனைச் செய்த குடும்பத்துக்குப் பங்கில்லை. கணக்கை மட்டும் பார்த்திருந்தால் இக்கார் பிறந்திராது என்பது உண்மையே. எனினும், சற்றே கணக்கும் பார்த்திருந்தால் அக்குடும்பம் தன் தொழிலை இழந்திராது என்று எண்ணாதிருக்க நம்மால் இயலவில்லை.